சங்கும் விளக்கெண்ணெயும்

பச்சிளங் குழந்தையின் மலத்தைப் பற்றியா வானொலியில் உரையாற்றுவது என்று நேயர்களுள் சிலர் முகம் சுளிக்கக் கூடும். ஆயினும் கைக்குழந்தை உள்ள வீட்டில் பொழுது விடிந்ததும் பெரியவர்கள் கேட்கும் முதற்கேள்வி, “குழந்தை வெளிக்குப் போயிற்றா?” என்பதுதான். போயிற்று என்றால் வீடு நிம்மதியடைகிறது. இல்லை என்றாலோ சங்கு கழுவப்படுகிறது. விளக்கெண்ணெய்ப் புட்டி அலமாரியிலிருந்து இறங்குகிறது. இந்தக் கேள்விக்கும் அந்தப் புட்டிக்கும் நீண்ட வரலாறு ஒன்று உண்டு.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டோர்க்கு முதலில் கண்ணில் படுவது சொல். தமிழர் இந்நோயை மலச்சிக்கல் என்றனர். நூல் சிக்குண்டது போல உள்ளே ஏதோ முடிச்சு விழுந்துவிட்டது என்பது அதன் கருத்து. கன்னடத்தார் மலபத்ததெ என்பர். கட்டுண்டு கிடப்பது என்று பொருள். ஆங்கிலேயர் வழங்கும் சொல்லோ, நெருக்கித் திணித்தல் என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. மூன்று மொழிகளிலும் சொல் குறிப்பது உள்ளே கிடப்பதன் நிலையையே. எத்தனை நாளாக என்ற கணக்கு எதிலும் இல்லை. ஆனால் நடைமுறையில் மூன்று சமூகத்தாருமே நாட்களைத்தான் எண்ணினார்கள். இந்த முரண்பாட்டிலிருந்தே தொல்லை தொடங்கியது எனலாம்.

நம் நாட்டு வீட்டு வைத்தியத்தின் கருவிகள் எளியவை. பாலோ மருந்தோ புகட்டுவதற்குச் சங்கு அல்லது பாலாடை. கன்னட நாட்டில் இதையே ஒளலெ என்பார்கள். மருந்து இழைக்க ஓர் உரைகல். அதில் தாய்ப்பாலோ வெந்நீரோ விட்டு வசம்பு, சுக்கு, கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய் ஆகியவற்றை இத்தனை உரசல் என்று எண்ணி இழைப்பது வழக்கம். இதுவே உரை மருந்து. இவற்றுள் கடுக்காய் மலத்தை இளக்குவது; மாசிக்காயோ துவர்ப்பினால் இறுக்குவது. ஒரே கல்லில், ஒரே வேளையில், திறப்பதும் அடைப்பதும் ஒருங்கே அரைபட்டு ஒரு குழந்தையின் வாய்க்குள் சென்றன! எந்தக் குழந்தைக்கு எது வேண்டும் என்று தேர்ந்து கொடுப்பதைவிட, எல்லாவற்றிலும் ஒரு பொட்டு கொடுத்துவிட்டால் ஏதேனும் ஒன்று பலிக்கும் என்ற எண்ணமே இதில் தெரிகிறது. வசம்புக்குப் பிள்ளை மருந்து என்றும், பேர் சொல்லா மருந்து என்றும் பெயர்கள் உண்டு. இரவில் அதன் பெயரைச் சொல்லிக் கடையில் கேட்கலாகாது என்ற நம்பிக்கை இருந்தது. பெங்களூரிலும் சிக்குப்பேட்டைப் பக்கத்துக் ‘கிரந்திகெ அங்கடி’களில், அதாவது நாட்டு மருந்துக் கடைகளில், அதைப் பஜெ என்னும் பெயரால் வாங்கலாம். மொழி மாறினாலும் இழைக்கும் கல்லும் இழைக்கும் கையும் மாறவில்லை.

இவற்றுக்கெல்லாம் தலைமை தாங்கியது விளக்கெண்ணெய். மாதம் ஒருமுறை வயிற்றைக் கழுவினால்தான் குழந்தை தேறும் என்பது பல குடும்பங்களில் எழுதாத சட்டமாக இருந்தது. ஆமணக்கு முத்தை வறுத்து, இடித்து, நீரிலிட்டுக் கொதிக்க வைத்து, மேலே மிதக்கும் எண்ணெயை வழித்தெடுப்பது பழைய முறை. அந்த முத்தில் ரைசின் என்னும் கொடிய நஞ்சு உள்ளது. அது எண்ணெயில் கரைவதில்லை, சூட்டில் கெட்டுவிடுகிறது, எஞ்சுவதும் பிண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. வேதியியல் அறியாத நம் மூதாட்டியர் கொதிநீரைக் கொண்டே அந்த நஞ்சை நீக்கிவிட்டனர் என்பது வியப்புக்குரியது.

திப்பு சுல்தான் வீழ்ந்த மறு ஆண்டாகிய 1800-இல், கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியின் ஆணைப்படி பிரான்சிஸ் புக்கானன் என்னும் மருத்துவர் சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர் நாடெங்கும் சுற்றினார். அவருடைய பயண நூல் 1807-இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. அதில் ஆமணக்குச் சாகுபடி பற்றிய குறிப்புகளும் உள்ளன. இன்றும் கன்னடத்தில் இந்த எண்ணெய்க்கு ஹரளெண்ணெ என்று பெயர். முத்தைச் சுட்டும் பெயர் அது. தமிழ்ப் பெயரோ பயனைச் சுட்டுகிறது. விளக்கெரிக்கும் எண்ணெய்தான் குழந்தையின் வயிற்றுக்கும் மருந்து. பின்னர் மண்ணெண்ணெய் வந்தது. சிவசமுத்திர அருவியின் மின்சாரம் 1905-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5-ஆம் நாள் பெங்களூரின் தெருக்களில் ஒளிர்ந்தது. விளக்குகள் எண்ணெயை மறந்தன; குழந்தைகளின் வயிறு மட்டும் தப்பவில்லை.

இந்த ஆர்வம் கீழ்நாட்டுக்கே உரியது என்று எண்ண வேண்டா. மேற்கிந்தியத் தீவுகளில் தொழில் புரிந்த பீட்டர் கான்வேன் என்ற மருத்துவர் 1764-இல் ஆமணக்கெண்ணெயைப் புகழ்ந்து ஒரு நூல் வெளியிட்டார். 1788-இல் அது லண்டன் மருந்து நூலில் இடம்பெற்றது. பின்வந்த நூற்றாண்டில் வாரத்துக்கு ஒருமுறை பிள்ளைகளுக்குப் பேதி கொடுப்பது ஆங்கில வீடுகளிலும் ஒழுங்காயிற்று. குடலில் தேங்கும் மலம் அழுகி நஞ்சாகி இரத்தத்தில் ஏறுகிறது என்றொரு கொள்கை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் படித்தவர்களையும் பற்றிக்கொண்டது. லண்டனில் ஆர்பத்நாட் லேன் என்னும் பேர்பெற்ற அறுவை மருத்துவர், மலச்சிக்கலுக்காகப் பெருங்குடலையே அறுத்தெடுக்கும் அளவுக்குச் சென்றார். 1919-இல் அமெரிக்க மருத்துவர் வால்ட்டர் ஆல்வரெஸ், தலைவலியும் சோர்வும் நஞ்சினால் வருவன அல்ல. குடல் விரிந்து அழுத்துவதால் வருவன என்று எடுத்துக் காட்டினார். கொள்கை மெல்ல மறைந்தது. அச்சம் மறையவில்லை.

அந்த அச்சத்துக்குக் குழந்தைகள் கொடுத்த விலையை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல் முளைக்கும் குழந்தைகளுக்கு ஒருவகைப் பொடி விற்கப்பட்டது. குடலை இளக்கும் என்பதும் அதன் புகழ். அதில் இருந்தது கலோமெல் என்னும் பாதரச உப்பு. சில குழந்தைகளுக்குக் கைகால்கள் சிவந்து தோலுரிந்தன, ஓயாது அழுதன, வெளிச்சத்தைக் கண்டு கூசின, சில இறந்தன. காரணம் தெரியாமல் ‘இளஞ்சிவப்பு நோய்’ என்று பெயரிட்டனர். வைட்டமின் குறைவோ, தொற்றோ என்றெல்லாம் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். அமெரிக்காவில் வார்க்கனி, ஹப்பர்ட் என்னும் இருவர் 1948-இல் பாதரசத்தின் மேல் விரல் நீட்டினர். 1954-இல் இங்கிலாந்தின் பொடிகளிலிருந்து பாதரசம் நீக்கப்பட்டதும் நோயும் ஏறக்குறைய மறைந்தது. மருந்தே நோயாக இருந்தது.

அவ்வளவு கொடுமையற்ற வேறொரு கதை, நம் வீடுகளுக்கு மிக நெருங்கியது. இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் வில்லியம் உட்வர்ட் என்ற மருந்தாளர், சதுப்பு நிலக் காய்ச்சலுக்குக் கொடுக்கப்பட்டு வந்த ஒரு கலவை குழந்தைகளின் வயிற்றுவலியையும் ஆற்றுவதைக் கண்டு, 1851-இல் கிரைப் வாட்டரை உருவாக்கினார். 1876-இல் அதன் வணிகப் பெயர் பதிவாயிற்று. சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை, நீர், இவற்றோடு நூற்றுக்கு 3.6 பங்கு சாராயமும் அதில் இருந்தது. குழந்தை அமைதியடைந்ததில் சதகுப்பையின் பங்கு எவ்வளவு, சாராயத்தின் பங்கு எவ்வளவு, சர்க்கரையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. பிற்காலத்தில் சாராயம் நீக்கப்பட்டது. மூன்று தலைமுறைத் தாய்மாரை ஒரே புட்டியின் பின்னால் வரிசையாக நிறுத்திய விளம்பரத்தை நேயர்கள் அறிவார்கள்.

இவ்வாறு வெளியேற்றுவதிலேயே உலகம் முனைந்திருந்தபோது, உற்றுப் பார்த்தவர்களும் சிலர் இருந்தனர். குழந்தை மருத்துவத்துக்கென்றே அமைந்த பழைய ஆயுர்வேத நூலான காசியப சங்கிதையில், பேசத் தெரியாத சிசுவின் வேதனையை அதன் உடற்குறிகளாலேயே அறிவது எவ்வாறு என்று ஓர் அத்தியாயம் உண்டு. நம் பாலவாகட நூல்களும் மாந்தத்தை வகைப்படுத்துகையில் மலத்தின் நிறத்தையும் நாற்றத்தையும் குறிக்கத் தவறவில்லை. மருந்து கொடுத்த கை எண்ணியது நாட்களை. நூல் எழுதியவர் கண் பார்த்தது நிறத்தை.

நுண்ணோக்காடியின் துணையோடு பார்த்தவர் தியோடர் எஷரிக். மூனிக் நகரத்து இளம் மருத்துவராகிய இவர், பிறந்த குழந்தைகளின் மலத்தை மணிக்கணக்கு வைத்துச் சேகரித்து ஆராய்ந்து 1885-இல் முடிவுகளை வெளியிட்டார். முதலில் கழியும் கரும்பச்சைப் பிசின் போன்ற மலத்தில் தொடக்கத்தில் அவர் கிருமிகளைக் காணவில்லை. சில மணி நேரத்துக்குள் அவை குடியேறத் தொடங்கின. அவர் அங்கே கண்ட கோல் வடிவக் கிருமிக்குப் பிற்காலத்தில் அவருடைய பெயரே சூட்டப்பட்டது, ஈ.கோலை என்று இன்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்லும் பெயரில் அந்த ‘ஈ’ எஷரிக்கையே குறிக்கும். பாரிஸில் பாஸ்டர் நிலையத்தைச் சேர்ந்த ஆன்ரி திசியே என்பவர் 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில், தாய்ப்பால் அருந்தும் குழந்தைகளின் மலத்தில் கவைக்கோல் வடிவான வேறொரு கிருமி நிறைந்திருப்பதைக் கண்டார். தாய்ப்பாலில் உள்ள ஒருவகைச் சர்க்கரைகளைக் குழந்தையால் செரிக்க இயலாது. இக்கிருமிகளால்தான் இயலும் என்பது பின்னர் விளங்கிற்று. அதாவது தாயின் மார்பு குழந்தைக்கு மட்டுமன்றிக் குழந்தையின் குடலில் வாழும் விருந்தினர்க்கும் சேர்த்தே சமைக்கிறது! தாய்ப்பால் மலத்தின் இலேசான புளிப்பு நாற்றமும் மஞ்சள் நிறமும் விதை விதையான தோற்றமும் இந்த ஏற்பாட்டின் அடையாளங்கள். பலர் இதைச் செரியாமை என்று பிழையாகக் கருதினார்கள்.

எனவே எது இயல்பு? பெரும்பாலான குழந்தைகள் பிறந்து 24 மணி நேரத்துக்குள் கருமலம் கழிக்கின்றன. 48 மணிக்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுமே கழித்துவிடுகின்றன. முதல் சில வாரங்களில் ஒவ்வொரு முறை பால் குடித்ததும் வெளிக்குப் போகலாம், இது பேதியன்று. ஒன்றரை மாதத்துக்குப் பின், தாய்ப்பால் மட்டுமே அருந்தும் குழந்தை ஒரு வாரம் வரை போகாமலும் இருக்கலாம். போகும்போது மலம் மிருதுவாக இருந்து, குழந்தை நன்றாகப் பால் குடித்து, எடையும் கூடி வருமானால், அது சிக்கலன்று. ஆறாவது நாள் தாயைத் தவிர யாரும் தூங்குவதில்லை என்பது வேறு விஷயம். புட்டிப்பால் குடிக்கும் குழந்தையின் மலம் சற்றுக் கெட்டியாக இருக்கும். அப்பாலிலுள்ள கொழுப்பின் ஒரு பகுதி சுண்ணாம்புச் சத்தோடு கூடிக் குடலுக்குள் சவர்க்காரம் போலாகி இறுகுவது அதற்கு ஒரு காரணம். பால்மாவைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் கெட்டியாகக் கரைத்தாலும் இத்தொல்லை வரும்.

இன்னொன்று: சில கைக்குழந்தைகள் முகம் சிவந்து, முக்கி முனகிப் பத்து நிமிடம் அழுது, இறுதியில் இளகிய மலத்தையே கழிக்கும். வயிற்றை இறுக்குவதும் ஆசனவாயைத் தளர்த்துவதும் ஒருங்கே நிகழ வேண்டும்; அந்த ஒத்திசைவை அது இன்னும் பழகவில்லை. இது தானே தீர்வது. இந்நிலையில் விளக்கெண்ணெய் தோய்த்த வெற்றிலைக் காம்பைச் செருகுவதும் சோப்புச் சீவலை வைப்பதும் நம்மிடையே பழைய வழக்கம். உடனே மலம் வரும் என்பது மெய்யே. ஆனால் மென்மையான தோல் புண்படும். தானாகக் கற்க வேண்டியதைக் குழந்தை கற்காமலும் போகும்.

விளக்கெண்ணெயின் பெருங்குறை வயிற்றில் நிகழ்வதன்று. எண்ணெயை உட்கொண்டதும் அதிலிருந்து பிரியும் ரிசினோலியிக் அமிலம் குடல் தசையைச் சுருங்கத் தூண்டுகிறது. இதன் நுண்ணிய வழியை ஜெர்மன் ஆய்வாளர்கள் 2012-இல்தான் தெளிவாக்கினர். வயிற்றை முறுக்கிப் போக்குவது அதன் இயல்பு. பெரியவர்க்கே அது கடுமையானது. ஆனால் குழந்தைக்கு அபாயம் சங்கிலேயே தொடங்குகிறது. காலை நீட்டி அமர்ந்து, கால்மேல் குழந்தையை மல்லாத்தி, மூக்கைப் பிடித்து, அழுகையில் வாய் திறக்கும் நேரம் பார்த்து ஊற்றுவது வழக்கம். நீர் தவறி மூச்சுக்குழலில் சென்றால் இருமல் வந்து தள்ளிவிடும். எண்ணெயோ இருமலை எழுப்பாமலே வழுக்கி நுரையீரலுக்குள் இறங்கிவிடும். இறங்கினால் எளிதில் வெளிவராது. தென்னிந்தியக் குழந்தைகளுக்கு இவ்வாறு வந்த எண்ணெய் நிமோனியாவைப் பற்றி 1973-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் கட்டுரையே வெளிவந்தது. மலத்துக்குக் கொடுத்த மருந்து மார்பில் நோயாகியது. கொடுத்தவர் இரண்டையும் தொடர்புபடுத்திப் பார்க்க வழியே இல்லை. “சளி பிடித்துவிட்டது” என்று சொல்லி மறுபடியும் எண்ணெய் கொடுத்த வீடுகளும் இருந்திருக்கும். வசம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதிலுள்ள அசரோன் என்னும் பொருள் எலிகளுக்குப் புற்றுநோய் விளைவிப்பது கண்டு, அமெரிக்க அரசு 1968-இல் உணவுப் பொருள்களில் வசம்பைத் தடை செய்தது. கையில் வளையாக அதைக் கட்டுவதோடு நிறுத்திக்கொள்வது நலம். அதையும் குழந்தை கடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிறந்த குழந்தைக்குச் சேனை என்று நாவில் தேன் தடவுவதும் அவ்வாறே. 1976-இல் கலிபோர்னியாவில் கண்டறியப்பட்ட ஒரு நோயில், தேனிலிருக்கக் கூடிய ஒரு கிருமியின் வித்து ஓராண்டு நிறையாத குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரக்கிறது. அந்நோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் மலச்சிக்கலே. பிறகு அழுகுரல் மெலிந்து, கழுத்துத் துவண்டு, உறிஞ்சும் வலிமை குன்றும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்று உலக சுகாதார மன்றம் 2001-இல் தீர்மானித்ததில் நீரும் தேனும் உரை மருந்தும் எல்லாம் விலக்கப்பட்டவையே.

பெரும்பாலான மலச்சிக்கல் அஞ்சத்தக்கதன்று என்றேன். அஞ்ச வேண்டியவையும் உள. கோபன்ஹேகனில் லூயிசா அரசியார் குழந்தை மருத்துவமனையில் பணியாற்றிய ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்பிரங், பெருங்குடல் பூதாகாரமாக வீங்கி இறந்த இரு சிசுக்களைப் பற்றி 1886-இல் பெர்லினில் அறிவித்தார். வீங்கிய பகுதியே நோயுற்றது என்று கருதி நெடுங்காலம் அதையே அறுத்தனர், குழந்தைகள் தேறவில்லை. குற்றம் அதற்குக் கீழே, பார்வைக்குச் செவ்வையாகத் தோன்றும் குறுகிய பகுதியில் இருந்தது. அங்கே நரம்பணுக்களே பிறவியில் அமையவில்லை. அப்பகுதியை நீக்கும் அறுவையை பாஸ்டன் நகரில் ஆர்வர் ஸ்வென்சன் 1948-இல் அறிவித்த பின்னரே இக்குழந்தைகள் பிழைக்கலாயினர். ஆகவே இரண்டு நாளாகியும் கருமலம் போகாமை, வயிறு புடைத்தல், பச்சையாக வாந்தியெடுத்தல் ஆகியவற்றைக் கண்டால் சங்கைத் தொடாமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். எப்போதும் உறங்கி வழிந்து, மஞ்சள் காமாலை நீண்டு, மலமும் சிக்கலாகும் குழந்தைக்குத் தைராய்டு சுரப்பு குறைந்திருக்கலாம். பிறந்த சில நாட்களில் குதிகாலில் ஒரு துளி இரத்தம் எடுத்தால் தெரிந்துவிடும். உரிய காலத்தில் மருந்து தொடங்காவிடில் மூளை வளர்ச்சி குன்றும்.

நிறத்தைப் பற்றி இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. மஞ்சள், பச்சை, பழுப்பு எதுவாயினும் கவலையில்லை. சுண்ணாம்பு போலவோ வெளிறிய களிமண் போலவோ மலம் இருந்தால், பித்தநீர் குடலுக்கு வந்து சேரவில்லை என்று பொருள். ஜப்பானிய மருத்துவர் மோரியோ கசாய் 1959-இல் வெளியிட்ட அறுவைமுறை இக்குழந்தைகளுக்கு வாழ்வளித்தது. ஆனால் அது பிறந்து இரண்டு மாதத்துக்குள் நடந்தால்தான் நல்ல பயன் தரும். தைவான் நாட்டில் 2004 முதல் ஒவ்வொரு தாய்க்கும் மலநிற அட்டை ஒன்று கொடுக்கப்படுகிறது. குழந்தையின் துணியையும் அட்டையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் போதும். பெங்களூரில் 1935-இல் திறக்கப்பட்ட வாணி விலாஸ் போன்ற மருத்துவமனைகளின் கூடங்களில் தமிழ்த் தாயும் கன்னடத் தாயும் உருதுத் தாயும் அருகருகே படுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு சுகாதார அறிவிப்பையும் மும்மொழிக்குப் பெயர்க்கும் இந்நாட்டில், மொழிபெயர்ப்பே தேவைப்படாத ஓர் அறிவிப்பு இருக்குமானால் அது இவ்வட்டைதான். என் தொழிலுக்குச் சற்று நட்டமே.

தவழ்ந்து நடக்கத் தொடங்கிய பிள்ளைகளின் கதை வேறு. அவர்களுக்கு மலச்சிக்கல் தொடங்கும் காலங்கள் பெரும்பாலும் மூன்று: திட உணவு தொடங்கும்போது, மலங்கழிக்கப் பழக்கும்போது, பள்ளியில் சேரும்போது. ஒருமுறை கெட்டி மலத்தால் வலி கண்ட பிள்ளை அடுத்த முறை அடக்குகிறது. அடக்கிய மலத்தின் நீரைக் குடல் உறிஞ்சுகிறது. அது மேலும் இறுகுகிறது. கால்களை இறுக்கி மூலையில் நிற்கும் பிள்ளை, முக்குவது போலத் தோன்றினாலும், உண்மையில் அடக்குகிறது. சில வாரங்களில் கெட்டி மலத்தைச் சுற்றி நீர்மலம் கசிந்து உடையை நனைக்கும். தாய் இதைப் பேதி என்றும் தந்தை சோம்பல் என்றும் நினைத்துப் பிள்ளையைக் கடிந்துகொள்வார்கள். பிள்ளை இதைத் தெரிந்து செய்வதில்லை.

கீரை, பயறு, கொய்யா, வாழை, கேழ்வரகு, போதிய நீர் ஆகியவை இந்நிலையைத் தடுக்க உதவும். பாலையே உணவாக்கிச் சோற்றை ஒதுக்கும் பிள்ளைக்குப் பாலைக் குறைத்தால் பல வேளைகளில் அதுவே மருந்து. உணவு உண்டதும் குடல் அசைவது இயற்கை; எனவே காலை உணவுக்குப் பின் ஐந்து நிமிடம், அவசரமின்றி, கால் தரையிலோ பலகையிலோ படியும்படி உட்கார வைக்கலாம். சிக்கல் முதிர்ந்துவிட்டால் மருத்துவர் மலத்தில் நீரை நிறுத்தி வைக்கும் மருந்தைக் கொடுப்பார். லாக்டுலோஸ் என்பது அவற்றுள் ஒன்று. திசியே கண்ட அந்தக் கவைக்கோல் கிருமிகளைப் புட்டிப்பால் குழந்தைகளிடமும் பெருக்குவதற்காக ஆஸ்திரிய மருத்துவர் பெட்டுவேலி 1957-இல் ஆராய்ந்த சர்க்கரையே அது. இம்மருந்துகளை ஒரு வேளை கொடுத்துப் பலன் கண்டதும் நிறுத்தலாகாது. விரிந்த குடல் பழைய அளவுக்குச் சுருங்கவும், வலியின் நினைவு பிள்ளையை விட்டு அகலவும் மாதங்கள் பிடிக்கும்.

பள்ளிக்குச் செல்லும் பிள்ளையின் தண்ணீர்ப் புட்டி மாலையில் நிறைந்தபடியே திரும்பி வருமானால், பள்ளியின் கழிப்பறையைப் பற்றிப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பான். வாளியில் நீர் இல்லை என்பாள். மணி அடித்தபின் விடமாட்டார்கள் என்று இருவரும் சொல்வார்கள்.